ஜெனோவாவின் காய்கறி டோர்ட்டா: மாவுத்தாள் அடுக்குகளின் வரலாறு

இத்தாலியின் வடமேற்குக் கரையில் உள்ள லிகூரியா பகுதியில், மெல்லிய மாவுத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நடுவில் கீரையையோ காய்கறியையோ புதிய பாலாடைக்கட்டியுடன் வைத்து, மேலும் சில தாள்களால் மூடிச் சுடும் உணவு டோர்ட்டா எனப்படுகிறது. இன்றைய இத்தாலியில் டோர்ட்டா என்றவுடன் பலருக்கு இனிப்புக் கேக்தான் நினைவுக்கு வரும். லிகூரியாவின் தலைநகரான ஜெனோவாவில் அப்படியில்லை. அங்கே தெருக்கடையில் டோர்ட்டா கேட்டால் உப்புச் சுவையுள்ள காய்கறித் துண்டு கிடைக்கும். குளிர்காலத்தில் அதன் உள்ளே கூனைப்பூ எனப்படும் ஆர்டிசோக் அல்லது பூசணி இருக்கும். வசந்தத்தில் கீரை, கோடையில் சுரைக்காயின் உறவான சுக்கினி. இவற்றில் உலகப் புகழ் பெற்றது ஈஸ்டர் திருநாளுக்குச் செய்யப்படும் டோர்ட்டா பாஸ்குவலினா. பாஸ்குவா என்பது ஈஸ்டருக்கான இத்தாலியச் சொல்.

இந்த உணவின் வரலாற்றை அதன் காய்கறிகளை வைத்து எழுதுவதே வழக்கம். ஆனால் காய்கறி மாதத்துக்கு மாதம் மாறியிருக்கிறது. நூற்றாண்டுக்கு நூற்றாண்டும் மாறியிருக்கிறது. மாறாமல் நின்றவை இரண்டு: எண்ணெய் சேர்த்து வீட்டிலேயே பிசைந்து இழுத்த மாவு, புளிப்பேறிய புதிய பாலாடை. இன்று நெருக்கடியில் இருப்பவையும் இந்த இரண்டுதான்.

நிலமும் எண்ணெயும்

அப்பெனைன் மலைத்தொடர் லிகூரியாவில் ஏறக்குறைய கடலுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. சமவெளி என்று சொல்லத்தக்க நிலம் மிகக் குறைவு. மலைச்சரிவுகளில் காரை பூசாத கல்சுவர்கள் எழுப்பி, படிக்கட்டுபோல வயல்களை அமைத்துத்தான் மக்கள் பயிர் செய்தனர். 1997இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த சிங்குவே தெர்ரே பகுதியில் இந்தப் படிவயல்களை இன்றும் காணலாம். இத்தகைய நிலத்தில் ஆலிவும் திராட்சையும் நன்றாக விளையும், கோதுமை விளையாது. மேய்ச்சல் நிலமும் போதாது. ஆகவே மாடுகள் குறைவு, வெண்ணெய் அரிது. பால் உள்நாட்டு மலைப்பள்ளத்தாக்குகளிலிருந்து சிறிய அளவில் வந்தது.

ஜெனோவா நடுக்காலத்தில் ஐரோப்பாவின் செல்வ நகரங்களில் ஒன்று. வெனிஸுக்குப் போட்டியாகக் கடல் வணிகம் நடத்திய குடியரசு அது. ஆனாலும் அதன் ரொட்டிக்கான தானியம் சிசிலியிலிருந்தும் கருங்கடல் துறைமுகங்களிலிருந்தும் கப்பலில் வர வேண்டியிருந்தது. காசு கொடுத்து வாங்கிய மாவை வீணாக்க யாருக்கும் மனம் வராது. கொஞ்ச மாவைக் கண்ணாடிபோல் மெலிதாக இழுத்து, தோட்டத்தில் கிடைத்த கீரையை நிறைய வைத்து மூடுவது அந்தப் பொருளாதாரத்துக்குப் பொருந்திய சமையல். மலைச்சரிவில் தானாக முளைக்கும் கீரைகளைப் பறித்துக் கலந்து பயன்படுத்தும் பழக்கமும் அங்கே உண்டு. அந்தக் கலவைக்கு பிரெபோஜியோன் என்று பெயர்.

வட ஐரோப்பாவில் இதற்கு நேர்மாறான மரபு வளர்ந்தது. ஆங்கிலத்தில் பை எனப்படும் மூடிச் சுட்ட பண்டத்தின் பழைய மேலோடு கெட்டியானது, சில வேளைகளில் கல்போல் இறுகியது. உள்ளே இருக்கும் இறைச்சியைச் சுடவும், எடுத்துச் செல்லவும், சில நாள் வைத்திருக்கவும் உதவும் பாத்திரமாகவே அது இருந்தது. நடுக்கால ஆங்கிலேயர் அந்த ஓட்டைப் பெட்டி என்ற பொருள்படும் சொல்லால் அழைத்தனர். தமிழ் வாசகருக்குப் பை என்றதும் துணிப்பை நினைவுக்கு வந்தால் அதுவும் பெரிய பிழையில்லை. லிகூரியாவின் மாவுத்தாள் அப்படியல்ல. அது உள்ளீட்டைச் சுமக்கும் பாத்திரமல்ல, உண்பதற்கான பாதி உணவு.

மாவு எப்படி அடுக்காகிறது

லிகூரிய டோர்ட்டாவின் மாவுக்கு இத்தாலியில் பாஸ்டா மாட்டா என்ற பெயர் வழங்குகிறது. பைத்தியக்கார மாவு என்பது நேர்ப்பொருள். முட்டையும் இல்லை, வெண்ணெயும் இல்லை, ஈஸ்ட்டும் இல்லை. கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஆலிவ் எண்ணெய் அவ்வளவுதான். 400 கிராம் மாவுக்குச் சுமார் 200 மில்லிலிட்டர் தண்ணீரும் இரண்டு மூன்று மேசைக்கரண்டி எண்ணெயும் போதும்.

இதன் நுட்பம் பொருள்களில் இல்லை. பிசைவதிலும் காத்திருப்பதிலும் இருக்கிறது. கோதுமை மாவில் தண்ணீர் சேர்ந்ததும் அதிலுள்ள புரதங்கள் இணைந்து குளூட்டன் என்ற நெகிழும் வலையை உருவாக்குகின்றன. நெடுநேரம் பிசைந்தால் அந்த வலை வலுக்கும். ஆனால் பிசைந்த கையோடு இழுத்தால் மாவு ரப்பர்போல் சுருங்கித் திரும்பும். ஒரு மணி நேரம் மூடி வைத்தால் வலை தளர்ந்து, இழுத்த இழுப்புக்கு வரும். எண்ணெய் அதை மேலும் வழவழப்பாக்குகிறது. பரோட்டா மாவை எண்ணெயில் ஊறவைத்துவிட்டு வீசும் கடைக்காரருக்கு இந்தக் கணக்கு அத்துபடி. ஜெனோவாவில் வீசுவதில்லை, உருண்டையைக் கட்டையால் தேய்த்துவிட்டு, இரு கைகளின் புறப்பக்கத்தில் போட்டுச் சுழற்றிச் சுழற்றி விரிக்கிறார்கள். கீழே வைத்த எழுத்தைத் தாளின் ஊடாகப் படிக்க முடிய வேண்டும் என்பது பழைய அளவுகோல்.

எண்ணெய் தடவிய தட்டில் முதல் தாளை விளிம்புக்கு வெளியே தொங்கும்படி விரித்து, மேலே எண்ணெய் பூசி, அடுத்த தாளை வைக்க வேண்டும். எண்ணெய் இல்லாத இடத்தில் இரு தாள்கள் ஒட்டி ஒன்றாகிவிடும். எண்ணெய் உள்ள இடத்தில், மாவிலிருந்து எழும் நீராவி தாள்களைப் பிரித்துத் தூக்கும். ஒவ்வொன்றும் தனியே மொறுமொறுப்பாகும். மேல் அடுக்குகளை மூடும்போது செய்யப்படும் ஒரு வேலை பார்ப்பதற்கு விளையாட்டுப்போல் இருக்கும். விளிம்பில் ஒரு வைக்கோல் தண்டைச் செருகி, தாள்களுக்கு இடையே வாயால் காற்றை ஊதி, மேற்பகுதி குமிழ்போல் உப்பியதும் தண்டை இழுத்துவிட்டு ஓரத்தைச் சட்டென்று முறுக்கி மூடுகிறார்கள். அடுப்பில் அந்தக் குமிழ் காய்ந்து உறுதியாகும்போது மேல் தாள்கள் உள்ளீட்டின் ஈரத்தில் படியாமல் தப்புகின்றன.

பாஸ்குவலினாவுக்கு 33 தாள்கள் வேண்டும் என்பது மரபு. இயேசு வாழ்ந்ததாகக் கருதப்படும் ஆண்டுகளின் எண்ணிக்கை அது. வீடுகளில் 33 தாள்களை உண்மையிலேயே அடுக்குபவர்கள் இன்று மிகக் குறைவு. கீழே இரண்டு மூன்று, மேலே இரண்டு மூன்று என்பதே நடைமுறை. எண்ணிக்கையைக் குறைத்தாலும் முறை கெடுவதில்லை. எண்ணெய் பூசிய மெல்லிய தாள் நான்கு இருந்தாலும் அது டோர்ட்டாதான். தடித்த தாள் ஒன்று இருந்தால் அது வேறு பண்டம்.

பழைய உறவினர்

மாவுத்தாளையும் பாலாடைக்கட்டியையும் அடுக்கிச் சுடும் எண்ணம் ஜெனோவாவுக்கு முன்பே இத்தாலிய மண்ணில் இருந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமானிய அரசியல்வாதி மார்க்கஸ் கேட்டோ எழுதிய வேளாண்மை நூலில் பிளசென்டா என்ற பண்டத்தின் செய்முறை விரிவாக உள்ளது. அடித்தாளுக்கு 2 ரோமானிய ராத்தல் மாவு. இடையடுக்குத் தாள்களுக்கு 4 ராத்தல் மாவும் 2 ராத்தல் நொறுக்கிய தானியமும். உள்ளீடு 14 ராத்தல் செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டி, நாலரை ராத்தல் தேன். ஒரு ரோமானிய ராத்தல் ஏறக்குறைய 327 கிராம் என்பதால் கட்டி மட்டுமே நாலரைக் கிலோவைத் தாண்டுகிறது. இது ஒரு குடும்பத்தின் பகலுணவு அல்ல. ஒரு தாள், ஒரு பூச்சு என்று மாறி மாறி அடுக்கி, அடித்தாளின் ஓரத்தை மேலே மடித்து, சூடேற்றிய மண்மூடியால் கவிழ்த்து மெல்லச் சுடும்படி கேட்டோ சொல்கிறார். இனிப்பை நீக்கி, கீரையைச் சேர்த்தால் டோர்ட்டாவின் உருவம் தெரிகிறது. பிளசென்டா என்ற சொல் இன்றும் ருமேனிய மொழியில் பிளசின்டா என்று, அடைத்துச் சுட்ட பண்டத்தின் பெயராக வாழ்கிறது.

கிழக்கிலும் உறவினர் உண்டு. 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல்-காஷ்கரி தொகுத்த துருக்கிய மொழி அகராதியில் மடித்து அடுக்கிய ரொட்டிக்கான சொல் பதிவாகியுள்ளது. பின்னாளில் உஸ்மானியப் பேரரசெங்கும் பரவிய போரெக், கிரேக்கர்களின் பித்தா ஆகியவையும் எண்ணெய் அல்லது நெய் பூசிய தாள்களுக்கு இடையே கட்டியும் காயும் வைத்துச் சுடப்படுபவை. ஜெனோவாவுக்கு கான்ஸ்டான்டிநோபிளின் எதிர்க்கரையில் பேரா என்ற குடியிருப்பு இருந்தது. கிரிமியாவில் கஃபா 1475 வரையும், ஈஜியன் கடலின் கியோஸ் தீவு 1566 வரையும் ஜெனோவியர் கையில் இருந்தன. எனவே தாள் இழுக்கும் கலை அந்த வழியே வந்தது என்று கதை கட்டுவது எளிது. ஆனால் அதற்குத் தேவையில்லை. கோதுமை மாவும் எண்ணெயும் மட்டுமே கையில் இருக்கும் எந்தச் சமையலறையும், வெண்ணெய் இல்லாமல் மொறுமொறுப்பை வரவழைக்க முயன்றால், மெல்லிய தாளில்தான் போய் நிற்கும்.

நோன்பு முடிந்த மேசை

ஈஸ்டர் பண்டிகைக்கும் இந்த உணவுக்கும் உள்ள தொடர்பு குறியீட்டால் மட்டும் வந்ததல்ல. நடுக்கால மேற்கு ஐரோப்பியத் திருச்சபையின் விதிப்படி ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் இறைச்சி மட்டுமல்ல, முட்டையும் பாலும் பாலாடைக்கட்டியும் விலக்கப்பட்டிருந்தன. கோழிகளுக்கு இந்த விதி தெரியாது. வசந்தம் தொடங்கிப் பகல் நீள நீள அவை அதிகம் முட்டையிடும். தவக்காலம் முடியும்போது வீட்டில் முட்டை குவிந்திருக்கும். புல் தழைத்து மாட்டுப்பால் பெருகும். தோட்டத்தில் இளங்கீரை மண்டியிருக்கும். மூன்றையும் ஒரே நாளில் மேசைக்குக் கொண்டுவர டோர்ட்டாவைவிடப் பொருத்தமான வழி இல்லை.

பாஸ்குவலினாவின் கீரை பீட்ரூட் இனத்தையே சேர்ந்தது. கிழங்கு பருக்காமல் இலைக்காகவும் தண்டுக்காகவும் வளர்க்கப்படும் வகை, இத்தாலியில் பியேட்டொலா. கீரையை வேகவைத்துப் பிழிந்து, தமிழில் மரு எனப்படும் மார்ஜோரம் தழையும் துருவிய பார்மசான் கட்டியும் சேர்த்துத் தாளில் பரப்புவார்கள். மேலே புதிய பாலாடையை ஊற்றிச் சமன் செய்து, கரண்டியின் முதுகால் குழிகள் அமைத்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு பச்சை முட்டையை உடைத்து ஊற்றுவார்கள். டோர்ட்டாவை வெட்டும்போது மஞ்சள் கரு முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

அச்சில் இந்த மரபின் புகழ் 16ஆம் நூற்றாண்டிலேயே தெரிகிறது. மிலானைச் சேர்ந்த ஓர்டென்சியோ லாண்டோ 1548இல் வெனிஸில் வெளியிட்ட, இத்தாலியின் வியப்புக்குரிய பொருள்களைப் பற்றிய நூலில் ஜெனோவாவின் டோர்ட்டாவைப் புகழ்கிறார். அதன் அன்றைய பெயர் காட்டாஃபூரா. பூனை திருடுவது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். பாலாடையின் மணத்துக்குப் பூனை வந்திருக்கும் என்பதை நம்பச் சிரமமில்லை. 1570இல் வெளிவந்த பர்த்தொலோமேயோ ஸ்காப்பியின் பெருநூல், போப்பாண்டவரின் சமையலறையில் மாவுப்பண்டங்களுக்கு இருந்த இடத்தைக் காட்டுகிறது. ஐந்தாம் போப் பயஸின் அந்தரங்கச் சமையல்காரரான அவர், நூலின் ஆறு பகுதிகளில் ஒன்றை முழுவதுமாக மாவில் அடைத்துச் சுடும் பண்டங்களுக்கு ஒதுக்கினார். அரண்மனை நூல்களில் சர்க்கரையும் இலவங்கப்பட்டையும் கீரையோடு கலந்து வரும். ஜெனோவாவின் வீட்டு மரபில் அவை நிற்கவில்லை. அரசர் மேசைக்கும் தெருவுக்கும் உள்ள வேறுபாடு இங்கே நன்றாகத் தெரிகிறது: மேலே நின்றது பழக்கம் மாறியதும் மறைந்தது, கீழே இருந்தது நீடித்தது.

கோடைக் காய்கள் வந்த கதை

லாண்டோவின் நூல் வெளிவந்த அதே 1548ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று, பீசா நகரில் இருந்த மெடிச்சி குடும்பத்தினருக்கு அவர்களுடைய தோட்டத்திலிருந்து ஒரு கூடை தக்காளி வந்து சேர்ந்ததாக அரண்மனைக் கடிதம் ஒன்று பதிவு செய்கிறது. இத்தாலியில் தக்காளியைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று அது. அன்று அதை யாரும் டோர்ட்டாவில் வைக்க நினைத்திருக்க மாட்டார்கள். பார்த்து வியப்பதற்கான பொருள் அது. தக்காளி சேர்ந்த இத்தாலியச் செய்முறை அச்சேற இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. நேபிள்ஸில் அன்டோனியோ லாட்டினி 1690களில் வெளியிட்ட நூலில்தான் அது வந்தது.

ஆக, கோடை டோர்ட்டாவில் இன்று இடம்பெறும் காய்களில் பெரும்பாலானவை 16ஆம் நூற்றாண்டு ஜெனோவியருக்குத் தெரியாதவை. சுக்கினியின் இனமான குக்கர்பிட்டா பெப்போ மெக்சிகோவில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பயிராக்கப்பட்டது. ஓவாக்சாக்கா பகுதிக் குகை ஒன்றில் கிடைத்த விதைகள் இதற்குச் சான்று. கொலம்பஸின் பயணங்களுக்குப் பிறகு அது அட்லாண்டிக்கைக் கடந்தது. ஜெர்மானிய மருத்துவர் லியோனார்ட் ஃபுக்ஸ் 1542இல் வெளியிட்ட மூலிகை நூலிலேயே அதன் படம் உள்ளது. ஆனால் நீண்டு மெலிந்த, பிஞ்சிலேயே பறிக்கும் சுக்கினி என்ற வகை உருவானது 19ஆம் நூற்றாண்டில், வட இத்தாலியில். அதாவது தொன்மையானதாகத் தோன்றும் சுக்கினி டோர்ட்டா இன்றைய வடிவில் இருநூறு ஆண்டுகூட நிரம்பாதது. கத்தரிக்காய் எதிர்த்திசையிலிருந்து போனது. ஆசியாவில் பிறந்து, பாரசீகர், அரபியர் வழியாக நடுக்காலத்திலேயே மத்தியதரைக் கடலை எட்டிய காய் அது.

லிகூரியாவின் மேற்குப் பகுதியில் சுக்கினிக்குப் பதில் ட்ரொம்பெட்டா என்ற காய் புகழ்பெற்றது. அல்பெங்கா ஊரின் பெயரோடு வழங்கும் இது குக்கர்பிட்டா மொஸ்காட்டா இனம். ஊதுகொம்புபோல் நீண்டு வளைந்திருப்பதால் அந்தப் பெயர். பந்தலில் ஏற்றி வளர்க்கிறார்கள். பிஞ்சாக இருக்கும்போது விதையே தெரியாது, சதையும் இறுகலாக இருக்கும்.

கோடைக் காயை மாவில் அடைப்பதில் ஒரு பெரிய இடர் தண்ணீர். சுக்கினியில் 100க்கு 94, 95 பங்கு நீர்தான். அப்படியே நறுக்கி அடைத்தால் அடித்தாள்கள் கூழாகிவிடும். கீரையை வேகவைத்துப் பிழிவதுபோல் இதைப் பிழிய முடியாது; காய் குழைந்துபோகும். இதற்கு இரண்டு வழிகள் கண்டார்கள். முதலாவது உப்பு. காயை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, உப்புத் தூவி அரைமணி நேரம் வடிகட்டியில் வைத்தால், சவ்வூடு பரவலால் நீர் வெளியேறிவிடும். பிறகு துணியில் ஒற்றி எடுக்கலாம். இரண்டாவது வழி இன்னும் சாமர்த்தியமானது: காய்த்துருவலோடு ஒரு கைப்பிடி பச்சை அரிசியைக் கலப்பது. அரிசி அடுப்புச் சூட்டில் காயின் நீரைக் குடித்தே வேகிறது. தனியாக வேகவைக்கும் விறகு மிச்சம், மாவும் நனையாது, டோர்ட்டாவும் இரண்டு பேருக்குக் கூடுதலாக நிறையும். லிகூரியாவின் சுக்கினி டோர்ட்டாவில் அரிசியைக் காண்பவர்கள் அதைச் சுவைக்காகச் சேர்த்ததாக நினைப்பதுண்டு. அது முதலில் ஒரு வடிகட்டி.

தக்காளி, குடைமிளகாய், கத்தரிக்காய் மூன்றையும் வண்ண வண்ணமாக அடுக்கும் டோர்ட்டாக்கள் இவற்றுக்கெல்லாம் பிந்தியவை. அவற்றில் காய்களைத் தனித்தனியே வதக்கியோ சுட்டோ ஈரம் போக்கிய பிறகே அடுக்க வேண்டும். அடுக்குக்கு அடுக்கு துருவிய கட்டியைத் தூவுவதும் சுவைக்காக மட்டுமல்ல. உருகி இறுகும் கட்டி காய்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது, வெட்டும்போது அடுக்கு சரிவதில்லை.

பிரெஷின்சேவா

ஜெனோவாவின் டோர்ட்டாவில் சேரும் புதிய பாலாடைக்குப் பிரெஷின்சேவா என்று பெயர். தயிரின் புளிப்பும், பனீரைவிட மிருதுவான குருணையும் ஒருங்கே கொண்டது. பாலை ஓரிரு நாள் புளிக்க விட்டு, சிறிதளவு உறைமோர் நொதியான ரென்னெட் சேர்த்து, மெல்லிய சூட்டில் உறைய வைத்துச் செய்வார்கள். அழுத்திக் கட்டியாக்குவதில்லை, அதனால் சில நாள்களுக்கு மேல் தாங்குவதும் இல்லை. மாடு குறைவான, சந்தை தொலைவான மலைப்பள்ளத்தாக்கில் மீந்த பாலைக் காப்பாற்றும் வழி அது.

புளிப்புதான் இதன் முக்கியக் குணம். கீரைக்கும் சுக்கினிக்கும் இயல்பாக உள்ள மந்தமான இனிப்பை அந்தப் புளிப்பு வெட்டுகிறது. இத்தாலியின் மற்றப் பகுதிகளில் இதற்குப் பதிலாக ரிக்கோட்டா சேர்க்கச் சொல்லும் செய்முறைகள் ஏராளம். ரிக்கோட்டா, கட்டி செய்தபின் மீந்த மோர்நீரைச் சூடாக்கித் திரட்டுவது, இனிப்பானது, புளிப்பற்றது. அதைக் கொண்டு செய்த டோர்ட்டா நன்றாகவே இருக்கும்; ஆனால் ஜெனோவியர் அதை இரண்டாம் தரமாகவே கொள்வார்கள். வேறு வழியில்லாதபோது ரிக்கோட்டாவோடு கொஞ்சம் தயிரைக் கலக்குவது அவர்களே சொல்லும் சமாதானம். பிரெஷின்சேவா ஜெனோவா மாவட்டத்துக்கு வெளியே கிடைப்பது அரிது. சில பால்பண்ணைகளே செய்கின்றன.

பக்கத்து ஊரான ரெக்கோவில் இதே மாவு இன்னும் எளிய வடிவம் எடுத்தது. கண்ணாடிபோன்ற இரண்டே தாள், நடுவில் உருகும் புதிய கட்டி, காய்கறியே இல்லை. ரெக்கோவின் கட்டி ஃபொக்காச்சா என்ற இந்தப் பண்டத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் புவிசார் குறியீடு அளித்தது. அதன்படி ரெக்கோவும் அதைச் சுற்றிய சில ஊர்களும் தவிர வேறெங்கும் இதை அந்தப் பெயரில் விற்க முடியாது. வீட்டு டோர்ட்டாவுக்கு இத்தகைய சட்டப் பாதுகாப்பு கிடைப்பது கடினம். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி இருப்பதை எந்த விதிமுறை நூலில் எழுதுவது?

தெருவின் அடுப்பு

ஜெனோவாவின் பழைய நகரம் குறுகிய சந்துகளும் ஐந்தாறு மாடிக் கட்டடங்களும் நெருக்கியடித்தது. அத்தகைய வீடுகளில் சுடுவதற்கான அடுப்பு இருக்க வாய்ப்பில்லை. விறகு விலையும் தீ விபத்து அச்சமும் அதற்குத் தடை. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றைப் போலவே, வீட்டில் பெண்கள் மாவிழுத்து அடுக்கிய தட்டைத் தெருமுனை அடுமனைக்குக் கொடுத்தனுப்பி, ரொட்டி சுட்டபின் தணிந்த சூட்டில் சுட்டு வாங்குவது வழக்கம். தணிந்த சூடு டோர்ட்டாவுக்கு நல்லதும்கூட. ரொட்டியின் கடுஞ்சூட்டில் மேல்தாள் கருகிவிடும், உள்ளே முட்டை வேகாது. இன்றைய அடுப்பில் 180 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்பது அந்தப் பழைய சூட்டின் கணக்கே.

அடுப்பு தெருவில் இருந்ததால் விற்பனையும் தெருவில் வளர்ந்தது. ஷமாட்டா எனப்படும் கடைகள் இன்றும் ஜெனோவாவில் உள்ளன. தீச்சுடர் என்ற பொருளுள்ள உள்ளூர்ச் சொல் அது. விறகடுப்பின் முன் பெரிய செம்புத் தட்டுகளில் கடலைமாவு அடையான ஃபரினாட்டாவும், பக்கத்தில் கீரை, சுக்கினி, வெங்காய டோர்ட்டாக்களும் துண்டுகளாக விற்கப்படும். துறைமுகத் தொழிலாளிக்கு அது நின்றபடியே உண்ணும் மதிய உணவாக இருந்தது. 1860களில் ஜெனோவியச் சமையலை முதன்முதலாகத் தொகுத்த நூல்கள் அச்சாயின. அவற்றுள் ராட்டோ குடும்பத்தினரின் நூல் பல பதிப்புகள் கண்டது. அதற்கு முன் இந்த மாவு கையிலிருந்து கைக்குத்தான் கற்பிக்கப்பட்டது. அச்சான பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. மாவு எப்போது இழுபடும் பதத்துக்கு வந்தது என்பதைத் தாளில் எழுத முடியாது. தொட்டுத்தான் அறிய வேண்டும்.

கடல் கடந்தது

இத்தாலி ஒரே நாடாவதற்கு முன்பிருந்தே லிகூரிய மாலுமிகள் தென் அமெரிக்காவின் பிளாட்டா ஆற்று முகத்துவாரத்தில் குடியேறத் தொடங்கினர். போயனஸ் ஐரிஸ் நகரின் லா போக்கா துறைமுகப் பகுதி 19ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய ஜெனோவியக் குடியிருப்பாக இருந்தது. அங்கே 1905இல் தொடங்கப்பட்ட போக்கா ஜூனியர்ஸ் கால்பந்துக் கழகத்தின் ஆதரவாளர்கள் இன்றும் ஜெனேயிசே என்ற பட்டப்பெயரால் அழைக்கப்படுகின்றனர். ஜெனோவியர் என்பதற்கான அவர்களுடைய சொந்த மொழிச் சொல்லின் திரிபு அது.

அவர்களோடு டோர்ட்டாவும் போயிற்று. அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் பாஸ்குவலினா ஈஸ்டர் உணவாக மட்டும் நிற்கவில்லை. ஆண்டு முழுவதும் கிடைக்கும் அன்றாட மதிய உணவாயிற்று. உள்ளே பெரும்பாலும் பசலை வகைக் கீரை, வெங்காயம், முழு முட்டை. பிரெஷின்சேவா அங்கே இல்லை. கிடைத்த கட்டி சேர்ந்தது. பெரிய மாற்றம் மாவில்தான் நடந்தது. வட்டமாக வெட்டித் தயாராக வைத்த மாவுத்தாள்கள் பொட்டலத்தில் கடைகளில் விற்கப்படுகின்றன. பெயர் பாஸ்குவலினா மூடி. ஒரு பொட்டலத்தில் வழக்கமாக இரண்டு வட்டங்கள்: ஒன்று அடிக்கு, ஒன்று மூடிக்கு. 33 அடுக்கு இரண்டாகச் சுருங்கியது. இதை இழிவாகப் பேச வேண்டியதில்லை. ஆலையிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் ஒருவர் அரைமணி நேரத்தில் டோர்ட்டாவை அடுப்பில் வைக்க முடிவது அந்தப் பொட்டலத்தால்தான். இல்லையென்றால் அந்த நாடுகளில் இந்த உணவு முதல் தலைமுறையோடு நின்றிருக்கும். ஆனால் மாவு இழுக்கும் கை அங்கே தேவையற்றதானதும் உண்மை. ஜெனோவாவின் பேரங்காடிகளிலும் இப்போது உருட்டிவைத்த மாவுத்தாள் கிடைக்கிறது. அதில் பெரும்பாலும் பிரெஞ்சு முறையில் கொழுப்பை மடித்து அடுக்கிய மாவுதான் இருக்கிறது. அது உப்பும், உதிரும்; எண்ணெய்த் தாளைப்போல் மொறுமொறுவென்று முறியாது.

கோடையில் அர்ஜென்டினர்கள் செய்யும் அடைப்பின் பெயர் சப்பாயிட்டோ டார்ட்டா. சப்பாயிட்டோ என்பது பந்துபோல் உருண்ட, பச்சைநிறக் கோடைப் பூசணி. குக்கர்பிட்டா மேக்சிமா இனத்தைச் சேர்ந்தது. அந்த இனம் தென் அமெரிக்காவிலேயே பயிராக்கப்பட்டது. ஐரோப்பியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கு உண்ணப்பட்டது. அதை நறுக்கி, வெங்காயத்தோடு நீர் வற்றும்வரை வதக்கி, முட்டையும் துருவிய கட்டியும் கலந்து, கடையில் வாங்கிய இரண்டு வட்டங்களுக்கு இடையே வைத்து, ஓரத்தை விரலால் கயிறுபோல் முறுக்கிச் சுடுகிறார்கள். அந்த முறுக்கு மட்டும் ஜெனோவாவில் செய்வதைப் போலவே இருக்கிறது.